பதினான்காவது கேள்வி

வகுப்பறையில் மின்கருவிகள் பற்றி
உங்கள் மனப்பாங்கு என்ன என்று கேட்டு
நகரசபை அனுப்பிய படிவம்
தாளில் வந்தது.
சர்வர் மூன்று நாளாய்ப் படுத்துக்கிடக்கிறதாம்.

எட்டாம் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.
நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.

இருபத்தாறு டேப்லெட்டுக்காக
மூன்று வருடம் மனு எழுதியவள் நான்.
தள்ளுவண்டியில் அவை வந்த அன்று
ஒவ்வொன்றின் முதுகிலும் இலக்கம் ஒட்டினேன்,
பிறந்த பிள்ளைக்குக் கறுப்புப் பொட்டு வைப்பதுபோல.
ஃபிரௌ குணாவுக்கு இன்றைக்குப் பிறந்தநாள்
என்றாள் மேர்லே.

ஜன்னலுக்கு வெளியே வூப்பர் ஆற்றின் மேலே
தொங்குரயில் போகும், வரும்.
அதை இந்த ஊரில் யாரும்
தொழில்நுட்பம் என்று சொல்வதில்லை.
தண்டவாளம் தலைக்குமேல் இருந்தாலென்ன,
நூறு வருடம் போனால்
அதுவும் வெறும் ரயில்தான்.

பெயர் எழுத வேண்டாம் என்றது முதல் வரி.
பென்சில் இருக்கிறதா என்று
பாதிப் பேர் மற்றப் பாதியிடம் கேட்டார்கள்.
எமினே பேனையைப் பிடித்த விதம்
யாருக்கோ ஊசி போடப்போகிறவள் போல இருந்தது.

ஆசிரியர்களுக்குத் தனிப் படிவம்.
வரலாறு படிப்பிக்கும் ஹாகெடோர்ன்
பதின்மூன்று கேள்விக்கும்
'இல்லவே இல்லை'யில் புள்ளடி போட்டார்,
அளவுகோல் வைத்ததுபோல நேராக.
போன கிழமைதான் அவர்
கதவைச் சாத்திவிட்டு மெல்லக் கேட்டவர்:
காய்ச்சலில் கிடக்கிற பெடியனுக்கு
என் கரும்பலகையைப் படமெடுத்து அனுப்ப
எதை அமத்த வேண்டும்?
அதையும் எழுதுங்கள் என்றேன்.
அதற்குக் கட்டம் இல்லையே என்றார்.

இரவு, சமையலறை மேசையில்
இருபத்தாறு தாளையும் பரப்பினேன்.
ஒன்றரை வருடம் நான் படிப்பித்த பிள்ளைகள்.
ஒரு கையெழுத்துக்கூட
யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை.

பதினான்காவது கேள்வி:
வேறு ஏதும் சொல்ல விரும்புகிறீர்களா?
பத்தொன்பது பேர் ஒன்றும் சொல்லவில்லை.
மூன்று பேருக்கு விளையாட்டு இறக்க அனுமதி வேண்டும்.
ஒருவர் பூனை கீறியிருந்தார்.
இன்னொருவர்: சார்ஜர் காணாது.

பிறகு இது,
சாய்ந்த, நெருக்கமான எழுத்தில்.
"எனக்கு டேப்லெட் விருப்பம்.
அதில் அழித்தால்
எத்தனை தரம் பிழைவிட்டேன் என்று
ஒருவருக்கும் தெரியாது."
'ஒருவருக்கும்' என்ற சொல்லுக்குக் கீழே
அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகி
என் மேசையின் மரம் தெரிந்தது.

அடுத்தது நீல மையில்.
"முந்தி எங்கள் மேசைக்கு வருவீர்கள்.
இப்போது உங்கள் திரையிலேயே
எங்கள் இருபத்தாறு திரையும் தெரியுமாம்.
உண்மையா?"

உண்மை.

ஹாகெடோர்னிடம் காட்டினால்
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
ஒரு நொடியில் இரண்டு பெயரும் சொல்லிவிடுவார்.
காலையில் படிக்கட்டில் எதிர்ப்பட்டார்.
ஓட்டைத் தாள் என் கைப்பையில்.
வணக்கம் சொன்னேன், மழை பற்றிச் சொன்னேன்,
மேலே ஏறினேன்.

சர்வர் எழும்பிவிட்டது,
விடைகளை நீங்களே ஏற்றுங்கள் என்றது அலுவலகம்.
கருத்துக்கான கட்டம்
அறுபது எழுத்துக்குமேல் கொள்ளாது.
அந்தப் பிள்ளையின் வசனம்
'எத்தனை தரம்' என்பதோடு நின்றது.

மூன்றாம் பாடவேளை.
என் திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு
மேசைகளுக்கு நடுவே நடந்தேன்.
தொங்குரயிலின் நிழல் சுவரில் ஒருதரம் ஓடியது.
லெயோத்ரிம் நிமிரவில்லை.
என்ன வேண்டும், ஃபிரௌ குணா?
என்று ஒரு குரல்.
ஒன்றும் வேண்டாம் என்றேன்.

கடைசி வரிசையில் ஒரு பிள்ளை
நான் கிட்டப் போகமுன்
திரையை உள்ளங்கையால் பொத்தியது.
பக்கத்தில் ஒரு கதிரை சும்மா கிடந்தது.
அதில் இருந்தேன்,
ஜன்னலைப் பார்த்தபடி.