செவ்வாய்தோறும் உயிரோடு

கார்த்திகை மழையில் துணை சுகாதார நிலையத்துக் கூரை
ஒழுகவில்லை, உட்கார்ந்தேவிட்டது.
தடுப்பூசிப் பெட்டியைப் பிள்ளைபோல் இடுக்கிக்கொண்டு
நர்ஸ் பிரிஸ்கா
எங்கள் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்தாள்.
"ரெண்டு வாரம்தான்" என்றாள்.

குழாய்ச் சண்டை மனுக்களை ஒதுக்கி
இருந்த ஒரே மேசையில் பாதியைக் கொடுத்தேன்.
வியாழனன்று அங்கன்வாடி முனீஸ்வரியும் வந்தாள்.
அங்கே முழங்கால் தண்ணீர்.
தராசைத் தொங்கவிட
உத்தரத்தில் கொக்கி தேடினாள்.

பெரியபட்டினத்து உப்புக்காற்றில்
காகிதம் சரசரப்பதில்லை,
ஒட்டிக்கொள்ளும்.
என் ஏடும் பிரிஸ்காவின் ஏடும் அப்படி ஒட்டிக் கிடந்தன.
பிரிக்கையில் பார்த்தேன்.

என்னுடையதில்:
க. சீனி, மாற்றுத்திறனாளி உதவித்தொகை,
ஆடி முதல் நிறுத்தம். காரணம்: இறப்பு.
அவளுடையதில்:
சீனி கலந்தர், சங்கு குளித்தவர்,
பத்துப் பாகத்திலிருந்து அவசரமாக ஏறியதில்
இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.
படுக்கைப்புண், நான்கு சென்டிமீட்டர்.
செவ்வாய்தோறும் கட்டு.

"இவரு மவுத்தாயிட்டாரா?"
"முந்தாநாள் என்கிட்ட டீ கேட்டாரே!"

முனீஸ்வரி தராசை விட்டுவிட்டு வந்தாள்.
"அந்த வீட்டுப் பேத்தி ருக்கியா
ஆடியிலேர்ந்து எடையே ஏறல.
என்ன பூச்சி மருந்து குடுத்தும் ஏறல."

பணம் நின்ற மாதம்.
எடை நின்ற மாதம்.
புண் ஆறாமல் நின்றதும் அதே மாதம்.
மூன்று மையில்
ஒரே வீட்டைத்தான் எழுதிவந்திருக்கிறோம்,
ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்காமல்.

அந்த "இறப்பு" என் கையெழுத்து.
வடக்குத் தெரு சீனி இறந்தார்.
தெற்குத் தெரு சீனியை அடித்துவிட்டேன்.

சொல்லத்தான் போனேன். நா எழவில்லை.
பிரிஸ்காதான் கட்டைப் பிரித்தபடி சொன்னாள்.
சீனி கலந்தர் என்னையே பார்த்தார்.
"அஞ்சு மாசமா மையித்தா கெடக்கேன்,
ஒருத்தனும் ஒரு யாசீன் ஓதலயேப்பா!"
சிரித்தார். சிரிப்பில் இடுப்புவரை குலுங்கியது,
அதற்குக் கீழே போர்வை அசையவில்லை.

உயிரோடிருக்கிறார் என்பதற்கு
இரண்டு சாட்சி வேண்டும் என்கிறது படிவம்.
மூன்று பேர் போட்டோம்.

தையில் கூரை போட்டார்கள், பெட்டி திரும்பிப் போயிற்று.
ஆனாலும் செவ்வாய் காலை
மூன்று ஏடும் என் மேசைக்கு வந்துவிடுகின்றன.
எந்த ஆணையும் இல்லை. கேட்டால் என்ன சொல்வதென்றும் தெரியவில்லை.

இது பங்குனிக் கடைசி.
தாலுகாவில் அவர் இன்னும் இறந்தவர்தான்.
முனீஸ்வரி மாவுப் பொட்டலத்தோடு முட்டையும் கூட்டி அனுப்பியதில்
ருக்கியா இருநூறு கிராம் ஏறியிருக்கிறாள்.
புண் மூன்று சென்டிமீட்டராம்.

அதற்கென்று என் ஏட்டில் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன்.