மூவர் மட்டும்

பலகணிக் கதவின் நெற்றியில்
நகராட்சி அடித்துப்போன தகரம்:
ஒரே நேரத்தில் மூவருக்கு மேல் நிற்கக் கூடாது.
மரப் பலகணி. எனக்கு முன்பே கிழமானது.
திபிலிசியில் எங்கள் தெருவே இப்படித்தான்,
ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும்.

தபால் நிலையத்தில் பார்சல் நிறுப்பவள் நான்.
ஆளுக்கு எழுபத்தைந்து என்றால்
இருநூற்று இருபத்தைந்து கிலோ.
அதில் நான் ஐம்பத்தெட்டு.
மீதியைப் பதினொரு வருடமாக
யாரும் கேட்கவில்லை.

ஆகவே மண் வாங்கினேன்.
சக்கரம் வைத்த காய்கறிப் பையில்
நாலு மாடி, தடவைக்குப் பத்துக் கிலோ,
சுவரில் கரிக்கோடு போட்டுப் போட்டு.
செத்துப்போன சலவை எந்திரத்தின் உருளை
பிறக்கும்போதே ஓட்டைகளோடு பிறந்தது;
அதில் தக்காளி.
எனாமல் உதிர்ந்த சூப்புப் பாத்திரத்தில்
ஊதாத் துளசி.
மேசையிலிருந்து உருவிய இழுப்பறையில் கொத்தமல்லி.
முன்பு அதில் வக்கீல் கடிதங்கள் இருந்தன.

எதிர்வீட்டு ஜன்னல்கள் ஏழு.
அவற்றுக்கும் எனக்கும் நடுவே
துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு அவரை ஏறியது.
ஜூன் கடைசியில் ஏழும் மறைந்தன.
ஈரத் தலையோடு, உள்பாவாடையோடு
வெளியே உட்கார்ந்து செர்ரி தின்றேன்,
கொட்டையைத் துப்பித் துப்பி.

காய்ந்த மண் தொண்ணூற்றைந்து.
நனைந்தால் நூற்று முப்பது.

கீழ்வீட்டு ஜும்பெர் வந்தார்.
கையில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை,
தோள்பட்டையில் சேற்றுப் பொட்டு.
"நாசிப்ரோலா, உங்கள் தோட்டம்
என் மேல் சொட்டுகிறது."
பார்க்கலாமா என்பதற்குள்
ஒரு கால் வாசல் தாண்டிவிட்டது.
"நில்லுங்கள். உங்கள் எடை?"
"எழுபது."
"முப்பத்து மூன்று கிலோ கூடுதல்.
இப்போதுதான் தண்ணீர் ஊற்றினேன்."

ஆளைத் துரத்த இப்படி ஒரு வழியை
அவர் கேள்விப்பட்டதில்லை போலும்.
சட்டையை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார்.
"எப்போது காயும்?"
"வியாழன். மழை இல்லாவிட்டால்."

புதன்கிழமை நான் ஊற்றவில்லை.
செவ்வாயும்தான் ஊற்றவில்லை என்று
தக்காளி இலை சுருட்டிச் சாட்சி சொன்னது.
கொத்தமல்லி என் முகத்திலேயே விழிக்கவில்லை.

வியாழன் மாலை செருப்பைக் கழற்றினார்.
பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து
கேட்காமலே உள்ளே வைத்தார்.
ஐம்பத்தெட்டு, எழுபது, தொண்ணூற்றைந்து.
இரண்டு கிலோ மிச்சம்.
கொண்டுவந்த பீச் பழம் ஒன்றரை இருக்கும்;
கையாலேயே நிறுத்துப் பார்த்து
வரலாம் என்றேன்.

அவரை நிழலில் அவரை உட்காரவைத்தேன்.
பலகை ஒருமுறை முனகியது.
கேட்காத மாதிரி இருவரும் பழம் அரிந்தோம்.

மலைப்பக்கம் வானம் கறுத்து உறுமுகிறது.
மழை வந்தால்
யாராவது ஒருவர் உள்ளே போகவேண்டும்.
கணக்கு அதுவரைதான் சொல்கிறது.