குறிப்புரை, இரண்டு வரிகளுக்குள்

தற்காலிகக் கேலரி உறுதிச் சான்றிதழ்:
ஒரு பக்கம், பதினான்கு கட்டங்கள்.
கடைசிக் கட்டம் குறிப்புரை.
அதற்கு இரண்டே வரி இடம்.

நித்திரவிளை தாண்டி ஸ்கூட்டரை இறக்கத்தில் விட்டால்
கடலுக்கு முன்பே கேலரி தெரிகிறது.
சவுக்குக் கழி, கமுகு வாரி, பலகை,
பன்னிரண்டு படி.
சனி, ஞாயிறு இரண்டு ராத்திரி செவன்ஸ்.
"ரெண்டாயிரம் பேருதான் மேடம்" என்கிறார்
கமிட்டிச் செயலாளர் கிளீட்டஸ்,
வீட்டுக்கு நாலு விருந்தாளி வருவதுபோல.

இணைப்பு: போல்ட்டா, வெல்டிங்கா?
இரண்டும் இல்லை.
வலை இழுக்கும் நைலான் கயிறு.
முடிச்சுப் போட்டவர் பனியடிமை.
ஸ்க்ரூடிரைவர் முனையால் நெம்பிப் பார்த்தேன்.
முடிச்சு என்னைக் கவனிக்கவே இல்லை.
"இழுக்க இழுக்க இறுகும், கேட்டியளா.
அவுக்கணுமுன்னா என்னத்தான் கூப்பிடணும்."
போல்ட்டை அடித்தேன், வெல்டிங்கை அடித்தேன்.
மேலே 'கயிறு' என்று எழுதும்போது
நான் படிக்காத பாடம் ஒன்றில்
பெயிலான மாதிரி இருந்தது.

சோதனைக்கு மீன்பெட்டிகளில் மணல் நிரப்பி
படிக்கு நாற்பது வைத்தார்கள்.
ஒரு பகல், ஒரு இரவு.
மூன்று மில்லிமீட்டர் தாழ்ந்தது.
ஆனால் மணல் உட்கார்ந்தே இருக்கும்.
மணலுக்குப் பெனால்டி தெரியாது.
ஆயிரத்து நூறு என்று எழுதினேன்.
"பாக்கித் தொள்ளாயிரம் பேர
எந்தக் கடல்ல கொண்டு விட?"
கிளீட்டஸ் வேடிக்கையாகத்தான் கேட்டார்.
யாரும் சிரிக்கவில்லை.

வெளியேறும் வழி, கிழக்கு.
டேப்பில் ஒன்று நாற்பது.
மூன்று மீட்டர் வேண்டும்.
நடுவில் ஒரு வள்ளம்,
ஓலை மூடி, மணலுக்குள் ஒரு சாண் இறங்கி.
"இத எடுங்க."
அதுவரை ஆளுக்கொன்று பேசியவர்கள்
காற்றடிக்கும் பம்பைப் பார்த்தார்கள்.

வின்சிலாஸின் வள்ளம்.
அவர் போனது வேறொருவரின் விசைப்படகில்.
ஐந்து வருஷம், நாலு மாதம்.
ரெஜினாளுக்கு இன்னும் சான்றிதழ் கிடைக்கவில்லை.
ஏழு வருஷம் ஆகட்டும் என்று
ஏதோ ஒரு மேஜை சொல்லியிருக்கிறது,
என் மேஜை மாதிரி ஒன்று.

ஐஸ் கம்பெனியிலிருந்து ஈரக் கையோடு வந்தாள்.
என் முகத்தைப் பார்க்கவில்லை, டேப்பைப் பார்த்தாள்.
"எத்தன பேரு ஓடணும் இந்த வழியா?"
"ஐந்நூறு. எட்டு நிமிஷத்துக்குள்ள."
கொஞ்ச நேரம் வாய்க்குள் எண்ணினாள்.
"தள்ளப்பிடாது. தூக்கணும்.
அணியம் கடலப் பாத்தே இருக்கணும்."

முப்பத்துநாலு பேர் தூக்கினார்கள்.
ஆளுக்கு அறுபத்தெட்டு கிலோ என்று
கை தானாகவே பெருக்கியது.
வள்ளம் இருந்த இடத்தில் ஈர மணல்,
ஒற்றை ரப்பர் செருப்பு.
நண்டுகள் நாலு திசைக்கும் வெளியேறின,
தள்ளுமுள்ளு இல்லாமல்.
செருப்பை எடுத்துத் தட்டி
வள்ளத்துக்குள் போட்டாள்.

எழுதினேன்:
கிழக்கு வழி மூன்று மீட்டர் பத்து.
தடை ஏதுமில்லை.
கையெழுத்து. முத்திரை.
செல்லுபடி ஞாயிறு நள்ளிரவு வரை.

சனி ராத்திரி ஒன்பதே முக்கால்.
மூன்றாம் படிக்குக் கீழே நான்,
ஆட்டத்துக்கு முதுகு காட்டி,
சவுக்குக் கழியில் உள்ளங்கை வைத்து.
கோல் எந்தப் பக்கம் என்று தெரியாது.
ஆயிரத்து நூறு பேரும்
(கூடவே இருக்கும், எண்ணியது கிளீட்டஸ்)
ஒரே மூச்சில் எழுந்து குதித்தார்கள்.
கழி நடுங்கியது.
கயிறு முனகி, இறுகியது.
கைக்குள் அது அடங்குகிறவரை
நான் மூச்சு விட்டதாக நினைவில்லை.

பிறகு கிழக்கே பார்த்தேன்.
வழி காலி.
அப்பால், ஜெனரேட்டர் வெளிச்சம் முடிகிற இடத்தில்
வள்ளம், அணியம் கடல் பக்கம்.
அதன் விளிம்பில்
கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து
ரெஜினாள் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தாள்.