வெர்னியர்

பரமக்குடி ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவு.
ஆறு மாதம் அரம் மட்டும்:
இரும்புக் கட்டியைச் சதுரமாக்கு,
மட்டத்தின் அடியில் ஒளி புகுந்தால்
திரும்பத் தேய்.

அப்புறம் போலீஸ். ஆயுதக் கிடங்குப் பயிற்சி.
கண்ணைக் கட்டிவிட்டு
பிரித்த துப்பாக்கியைப் பரப்புவார்கள்.
எது எந்த ஸ்பிரிங் என்று விரல் சொல்லணும்.
ராத்திரி, தபாலில் வரவழைத்த பாடம்;
ஆங்கிலம் கைவிட்ட இடத்தில் படம்.

"உப்புக் காற்றில் குழல் துருவேறுவது எப்படி?"
தேர்வில் கேட்டார்கள்.
பாம்பன்காரியிடம்!

லீவில் வந்தேன்.
செபமாலை மச்சான் வள்ளம்
கரையில் கவிழ்ந்து கிடந்தது.
"சுட்டுட்டான்" என்பதோடு
எல்லாரும் நிறுத்திக்கொண்ட ஓட்டை.

வெர்னியரை வைத்தேன்.
ஃபைபர் பிய்ந்ததைக் கழித்து
அளவைச் சொன்னேன்,
எந்த வகைத் தோட்டா என்றும்.

மச்சான் குனிந்து பார்த்தார்.
"சரி பெலிண்டா,
அடைக்க எவ்வளவு பிசின் வேணும்?"