மூன்று புள்ளி எட்டு

எழுத்துக்கு ஒன்பது கட்டம்தான் உயரம் என்றார்கள்.
கொம்பு, கால், சுழி, வால்
அத்தனையும் அதற்குள் குடியிருக்க வேண்டும்.

எடை, விலை இரண்டும் நுழைந்துவிட்டன.
அவற்றின் இரட்டைச் சுழியை மட்டும்
இரண்டு பொட்டாக்கிவிட்டேன், யாரும் கேட்கவில்லை.
கொழுப்புதான் மூன்று நாள் வெளியே நின்றது.
ழகரத்துக்கு வால் விட்டால் உகரத்துக்கு இடமில்லை,
உகரத்தைச் சுழித்தால் வயிறு அடைத்துக் கறுத்துவிடுகிறது.
இதற்கு மேல் ஒரு பகரம், அதன் தலையில் புள்ளி.
ஒரே ஒரு கட்டம் அது.
அணைத்தால் கொழுபபு.
எரியவிட்டால் மேல்வரி 'எடை'யின் காலில் இடிக்கிறது.

கீழ்வரியில் மலையாளம்.
அங்கேயும் இதே சொல்தான்,
கொழுப்புக்கு எல்லை கிடையாது.
ஆனால் அவர்களுடைய ழ
ஒரு பக்கமாகச் சுருண்டு படுத்துக்கொள்கிறது.
பொறாமையாக இருந்தது.
நான்காம் நாள் இரவு
ழுவின் வாலில் ஒரு கட்டத்தை வலப்பக்கம் தள்ளினேன்.
சொல் மூச்சு விட்டது.
எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

எண்களைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.
எண்ணுக்கு என்ன, கொம்பா, காலா?
பத்துக் கட்டத்தில் எப்போதோ வரைந்து வைத்திருந்ததை
ஒன்பதுக்கு அமுக்கி ஒட்டினேன்.

மார்கழியில் சிவதாசன் கூப்பிட்டார்.
'சபூரா, நீயே வந்து பாரு.
திரை ஒண்ணு சொல்லுது, சீட்டு ஒண்ணு சொல்லுது.'

மீனாட்சிபுரத்தில் இறங்கியபோது மணி ஐந்தே கால்.
பால் சங்கத்துக்கு வெளியே
மொபெட்டுகளில் கேன்கள், பனி.
துளசிமணி அக்கா ஊற்றினார்.
மிஷின் உறுமியது, யோசித்தது,
மூன்று புள்ளி எட்டு என்றது.
அச்சடித்த சீட்டு மூன்று புள்ளி மூன்று என்றது.
லிட்டருக்கு இரண்டு ரூபாய்ச் சொச்சம்
அந்த எட்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்.

குனிந்து மூக்கு இடிக்கப் பார்த்தேன்.
மூன்றுக்கு இடப்பக்கம் திறந்திருக்கும்,
மேலே ஒன்று, கீழே ஒன்று,
இரண்டே கட்டம்.
அந்த இரண்டிலும் சாம்பல் படிந்திருந்தது.
அமுக்கிய அன்று விளிம்பை மிருதுவாக்கும் பொத்தானை
அணைக்க மறந்திருக்கிறேன்.
கறுப்பா வெளுப்பா என்று தீர்மானிக்க முடியாத இடத்திலெல்லாம்
மிஷின் பாதிப் பாதி கொடுத்திருக்கிறது,
பஞ்சாயத்து மாதிரி.
மேலே பால் தெறித்த பிளாஸ்டிக் உறை,
அரைவெளிச்சம்,
சாம்பல் போய் வாயை மூடிவிட்டது.
அச்சு இயந்திரத்துக்குச் சாம்பல் தெரியாது.
அது சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தது,
அதைத்தான் எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

சாக்குமூட்டைமேல் லேப்டாப்பை வைத்து
பத்து எண்களையும் ஒன்பதில் புதிதாக வைத்தேன்,
கட்டம் கட்டமாக, இடையில் எதையும் விடாமல்.
மூன்றின் வாயைத் திறந்தேன்.
ஆறையும் ஐந்தையும்கூடப் பிரித்து வைத்தேன்.
கை விறைத்திருந்தது.

அக்கா இன்னொரு தரம் ஊற்றினார்.
மூன்று புள்ளி மூன்று.
கூர்மையாக, பத்தடி தள்ளி நின்றாலும் தெரிகிற மாதிரி.
சிவதாசன் கைதட்டப் போனவர் நிறுத்திக்கொண்டார்.

'நீ வர்ற வரைக்கும் என் மாடு நல்லாத்தான் கறந்துச்சு'
என்றார் அக்கா.
சிரித்தாரா என்று பனியில் தெரியவில்லை.
'இல்லைக்கா, முன்னாடி இருந்தது என் தப்பு'
என்று தொடங்கினேன்.
அவர் காலிக் கேனை ஏற்றிக்கொண்டிருந்தார்.
'உனக்கென்ன, புள்ளி வைக்கிறவ.'

திரும்பும் பேருந்தின் நெற்றியில் ஆரஞ்சு விளக்குகள்,
மேல்வரிசை முழுக்கச் செத்துவிட்டது.
புள்ளிகள் எல்லாம் அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.
பொளளாசசி என்று நின்றது.
எல்லோரும் ஏறினார்கள்.
நானும்.