பன்னிரண்டாம் கேள்வி

மழைக்கு முந்தின வாரம்
யாங்கோனிலிருந்து தாள்கள் வந்தன.
நாற்பத்தோரு கேள்வி, ஆளுக்கு ஐந்து கட்டம்,
மேலே தடித்த எழுத்தில்:
நீரிழிவு நோயாளரின் வாழ்க்கைத் தரம்.

'தரம்னா?' என்றார் அஞ்சுகம்.
'பவுசானா, எமாட்டாவா, குருணையா?'
பெகு சந்தையில் முப்பது வருஷம்
அரிசி அளந்தவர்.
அடித்துவிட்டு எழுதினேன்:
எப்படி இருக்கிறீர்கள்.

ஏழாவதில் 'திருப்தியா' என்று இருந்தது.
பந்தியில் கேட்கிற வார்த்தை.
சோற்றை ஒரு கரண்டியாய்க் குறைத்தவரிடம்
அதைக் கேட்க எனக்கே வாய் கூசியது.

எப்போதாவதுக்கும் சில சமயத்துக்கும்
நடுவே எத்தனை நாள்?
ரயில்வே குடியிருப்பு சின்னப்பராஜ்தான் தீர்த்துவைத்தார்:
'சில சமயம்னா கரண்டு வர்ற மாதிரி.
எப்போதாவதுன்னா அதே கரண்டு, வெயில் காலத்துல.'
அப்படியே குறித்து அனுப்பினேன்.
அங்கே பர்மிய மொழிக்குத் திருப்பிப் பார்த்தவர்கள்
ஓரத்தில் எழுதியிருந்தார்கள்:
மின்சாரம் பற்றி ஏன் கேட்கிறீர்கள்?

இருபத்தாறு, கணவன் மனைவி பற்றியது.
நான் தாளைப் பார்த்தபடி வேகமாய் வாசித்தேன்.
அவர்கள் சுவர்க் காலண்டரைப் பார்த்தபடி
பிரச்சினை இல்லை என்றார்கள்.
பதினெட்டுப் பேரும்.

நோயின் பெயரில்தான் வெகுநேரம் நின்றோம்.
'நீர்ல என்னய்யா இழிவு?'
சின்னப்பராஜுக்குக் கோபம்.
குறைதல் என்று பொருள் சொன்னேன், கேட்கவில்லை.
பேசுவது தமிழ், படிப்பது பர்மிய எழுத்து;
அந்த வட்டங்களில் ஒலியை எழுதிக் காட்டினால்
ழகரத்துக்கு அங்கே இடமில்லை.
இழிவு வழியிலேயே உதிர்ந்து
நீரிலிவு என்று ஏதோ வந்து நின்றது.
யாருக்கும் அது வியாதியாகத் தெரியவில்லை.
கடைசியில் தெருவில் சொல்கிறபடி
சீஜோ என்றே போட்டோம். இனிக்கிற மூத்திரம்.

தள்ளிவைத்திருந்த பன்னிரண்டுக்கு வந்தேன்:
விழா நாட்களில் பிறரோடு சேர்ந்து உண்பதை
இந்த நோய் தடுக்கிறதா?

அஞ்சுகம் சிரித்தார்.
திஞ்ஜானுக்குப் பக்கத்து வீட்டு மா தின் ஏ
கொதிநீரில் மாவுருண்டை போடுவாள்,
உள்ளே வெல்லம்.
ஒன்றிரண்டில் மட்டும் பச்சை மிளகாய்;
கடித்தவர் குதிக்க, தெரு சிரிக்க.

'மூணு வருஷமா அதை
எனக்குன்னு பிடிக்கிறா.
அடையாளத்துக்கு லேசா நசுக்கி வைப்பா.
நான் தெரியாத மாதிரி எடுத்துக் கடிக்கணும்,
குதிக்கணும்.
குதிப்பேன். கண்ணுல தண்ணி வரும்.
எல்லாரும் சிரிப்பாங்க, அவதான் முதல்ல.
தடுக்குதான்னு கேட்டா
என்னத்தச் சொல்ல?'

பென்சிலை அவரிடமே கொடுத்தேன்.
ஐந்து கட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு
வெளியே, ஓரத்தில்,
நசுங்கின வட்டம் ஒன்று போட்டார்.

யாங்கோனில் அது
விடுபட்ட பதில் என்று பதிவானது.