லிட்டருக்குப் பதின்மூன்று

விளம்பரத்தில் இருபது புள்ளி நான்கு.
இவர் நோட்டில் பதின்மூன்று.

ஒவ்வொரு முறையும் டேங்கைக் கழுத்துவரை நிரப்பி,
கிலோமீட்டரைக் குறித்து, வகுத்துப் பார்த்து,
ரஸ்தா பங்கில் அளவு குறைகிறது என்றார்.
காரைக்குடி பங்குக்கு மாறினார்.
பதின்மூன்றேகால்.

அப்புறம் டயருக்குக் காற்று.
அப்புறம் திருமயம் வரை ஏசி இல்லாமல்;
உமையாளுக்கு வேர்க்குரு வந்ததுதான் மிச்சம்.
டிக்கியில் கிடந்த அரிசி மூட்டையைக்கூட இறக்கிவிட்டார்,
ஏதோ அதுதான் குடித்ததுபோல.

முன்வாசல் ஒரு தெருவில்,
பின்கதவு அடுத்த தெருவில்.
இரண்டு முற்றம் தாண்டி
இவர் குறட்டை விடும் நாலரை மணிக்கு
பின்தெருக் கொட்டகையில் நான், சாவியோடு.

வீட்டின் நீளம் எவ்வளவோ
அவ்வளவுதான் பக்கத்துச் சந்து.
முதல் கியர், பாதி கிளட்ச்,
அணைந்தால் மறுபடி முதலிலிருந்து.
ரிவர்ஸ் எடுக்க இன்னும் கை நடுங்குகிறது.
இடது கண்ணாடியில் ஒரு கீறல்;
அதை ஆட்டோக்காரர் தலையில் கட்டியாயிற்று.
ஒரு விடியலுக்கு
அரை கிலோமீட்டர் ஓடினால் அதிகம்.
பெட்ரோல் முள்ளுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

நேற்று சர்வீஸில் மெக்கானிக் அருளானந்து
தாளைப் புரட்டிவிட்டுச் சொன்னான்:
“வண்டியில ஒண்ணுமில்ல சார்.
ஓட்டுற கால்தான் கனம்.”

இவர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார்.
நான் மெட்டி விரலைச்
சேலைக்குள் இழுத்துக்கொண்டேன்.

ஆர்டிஓ ஆபீசில் எட்டுப் போட
இன்னும் ஒன்பது நாள்.
அதற்குள் நோட்டில்
பன்னிரண்டுக்கு இறங்கினாலும் இறங்கும்.